பழங்கஞ்சியின் மூன்றாம் பிடி

இது என் கையில் இருக்கக் கூடாது. பாறையில் இருக்க வேண்டியது இது. நிரோஜா அக்காவின் சிவப்பு ஜாக்கெட் அந்தக் கல்வேலித் திருப்பத்தில் மறைந்தபோதுகூடப் பாறையில்தான் இருந்தது, என் தலைக்கு மேல் இரண்டு முழ உயரத்தில், எத்தனை ஆயிரம் வருடமாகவோ இருந்த இடத்தில். இப்போது என் வலது உள்ளங்கையில் இருக்கிறது. பாதி தேய்ந்த சோப்புக்கட்டி அளவுதான். பாறையடியில் விரித்த மெத்தையில் நான் விழுந்த அதே நிலையில் உட்கார்ந்திருக்கிறேன், கால் இரண்டையும் நீட்டி, கைக்குழந்தை கிலுகிலுப்பையைப் பிடித்திருக்கிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு. எங்கும் அடிபடவில்லை, ஒரு சிராய்ப்புகூட இல்லை, அதுவே அநியாயமாக இருக்கிறது, முழங்கையாவது பெயர்ந்திருக்கலாம். சத்தம் பெரிதாக வந்திருக்கலாம். வரவில்லை. அச்சு வெல்லத்தைக் கத்தியின் பின்பக்கத்தால் தட்டினால் வருமே, மொத்தென்று, அவ்வளவுதான் வந்தது. உடைந்த பக்கமும் வெல்லம் மாதிரியே இருக்கிறது. வெளிப்பக்கம் கறுத்து, கெட்டித்து, நூறு வருட மனிதர்களின் விரல் பட்டு வழவழத்துக் கிடக்கிறது. உள்பக்கம் மஞ்சள். கட்டைவிரலால் தேய்த்தேன், மணல் உதிர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. ஏன் ஒட்டுகிறது. காய்ந்த மணல் ஒட்டாது. இன்னொரு முறை தேய்த்தேன். ஒட்டியது. மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தேன், ஏன் மோந்தேன் என்று தெரியவில்லை, மழை வாசனை, நேற்றைய மழை அப்படியே உள்ளே இருக்கிறது.

நேற்று மத்தியானம் வரை மழை. அதை நான் மறுக்கவில்லை, காலையிலும் மறுக்கவில்லை. நின்று இருபது மணி நேரம் ஆகிவிட்டது, வெயில் அடித்திருக்கிறது, காற்று அடித்திருக்கிறது, தொட்டால் எலும்பு மாதிரி காய்ந்து கிடக்கிறது, இதுதான் என் வாதம். தொட்டுப் பாருங்கக்கா, என்றேன். அக்கா தொட்டுப் பார்க்கவில்லை, அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஒரு வாதத்தில் எதிராளி ஆதாரத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் இருப்பது. மெத்தையை விரித்து அதன்மேல் காலை மடித்து உட்கார்ந்துகொண்டு, வெளியிலை காய்ஞ்சிருக்கும் இலக்கியா, உள்ளுக்கை காயேல்லை, மணற்கல்லுக்கு ரெண்டு நாள் விடோணும், நாளைக்குக் காலமை பாப்பம், என்றாள். நாளைக்குக் காலை. செவ்வாய்க்கிழமை அவளுக்கு விமானம். கணவர் டொரொண்டோவில் ஏற்கனவே வீடு பிடித்துவிட்டார், பெட்டிகள் கப்பலில் போய்விட்டன, சாவகச்சேரியிலிருந்து ஒன்பது வயதில் நியூகாசில் வந்து, மருந்துக்கடையில் வேலை பார்த்து, முப்பத்தோரு வயதில் இந்த நாட்டை விட்டுப் போகிறவளுக்கு இங்கே முடிக்காமல் கிடக்கிற ஒரே காரியம் இந்தப் பாறை. மூன்று வருடமாக வருகிறாள். நார்தம்பர்லாந்தில் ஹேக்லி எட்ஜ் என்றால் லண்டன்காரர்களுக்கே தெரியாது, ஒரு ஆட்டு மேய்ச்சல் மேட்டின் ஓரத்தில் வரிசையாக நிற்கிற பாறைகள், அதில் இரண்டு ஆள் உயரத்தில் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கிற இதற்கு யாரோ ஒரு காலத்தில் ஏறியவர் கோல்ட் போரிட்ஜ் என்று பேர் வைத்துவிட்டார், அக்கா அதைப் பழங்கஞ்சி என்பாள். கயிறு கிடையாது, கீழே ஒரு மெத்தை, அவ்வளவுதான். கை பிடித்து ஏற நான்கு பிடி. மூன்றாம் பிடி வரை எப்போதும் போய்விடுவாள். மூன்றிலிருந்து இடது கையை வீசி உச்சி விளிம்பைப் பிடிக்க வேண்டும், அங்கேதான் விழுவாள், மூன்று வருடமாக, சிரித்துக்கொண்டே. நான் உயரம்தான் பிரச்சினை என்பேன், அவள் ஐந்தடி, நான் அவளைவிட ஒரு தலை அதிகம். உயரத்திலை ஒண்டும் இல்லை, காலிலைதான் எல்லாம் இருக்குது, வலது குதியை வடிவா வைச்சால் ஆருக்கும் எட்டும், என்பாள். இந்த வாதம் ஒன்றரை வருடமாக ஓடுகிறது. இதுவும் முடியவில்லை.

எனக்குக் கோபம் அவள் மேல் இல்லை. அவளுக்காகக் கோபம். அதையாவது யாராவது குறித்துக்கொள்ள வேண்டும். வாசல் கேட்டில் ஒரு பலகை இருக்கிறது, ஈர மணற்கல் உடையும், மழைக்குப் பின் ஏறாதீர்கள் என்று, அதில் கையெழுத்து போட்ட பாறையேறும் கிளப்பில் இருப்பவர்கள் எல்லாம் இங்கேயே பிறந்து இங்கேயே சாகப்போகிறவர்கள், அவர்களுக்கு அடுத்த வாரம் உண்டு, அடுத்த வருடம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்று போனால் ஐம்பது இருக்கிறது. ஒருத்திக்கு இரண்டே நாள்தான் இருக்கிறதென்றால் அந்த விதி அவளுக்கும் அவர்களுக்கும் எப்படி ஒன்றாகும். இதைத்தான் சொன்னேன். பல்கலைக்கழகப் பத்திரிகையில் போன டிசம்பரில் எழுதியதும் இதைத்தான், பாறை யாருடையது என்று தலைப்பு, இரண்டு பக்கம், விதிகளை எழுதுவது யார், யாருக்குப் பொருந்தும்படி எழுதுகிறார்கள். அக்கா படித்துவிட்டு, வக்கீலம்மா நல்லா எழுதியிருக்கிறா, ஆனா பாறையை ஒருக்காலும் கேக்கேல்லை, என்றாள். நான் சட்டம் மேற்படிப்பு படிக்கிறேன், அதனால் வக்கீலம்மா. இன்று காலையில் கடைசியாக அவள் சொன்னது, நீர் வாதாடிக்கொண்டு இரும், நான் காருக்குப் போய் தேத்தண்ணிப் போத்தலை எடுத்துக்கொண்டு, அவருக்கும் ஒரு போன் போட்டிட்டு வாறன், இஞ்சை சிக்னல் இல்லை. போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம், இரண்டு வயல், ஒரு ஏணிப்படி வேலி. இப்போது போய்ச் சேர்ந்திருப்பாள். பேசிக்கொண்டிருப்பாள். சிரித்துக்கொண்டிருப்பாள்.

காய்ந்திருந்தது. நான் பொய் சொல்லவில்லை. எனக்குப் பாறை தெரியும், கிருஷ்ணகிரிக்காரிக்குப் பாறையைப் பற்றி இவர்கள் சொல்லித்தர வேண்டுமா, எங்கள் தெருக்கோடியில் வீட்டைவிடப் பெரிய பாறை, மழை கொட்டித் தீர்த்து வெயில் வந்தால் அதிலிருந்து ஆவி கிளம்பும், அரை மணி நேரத்தில் அம்மா அதன்மேல் கேழ்வரகைக் கொட்டிக் காயவைப்பாள், ஒரு மணியில் கால் வைக்க முடியாது, சுடும். போன ஏப்ரலில் டார்ட்மூர் போனோமே, கிளப் வேனில் எட்டு மணி நேரம், அங்கேயும் அப்படித்தான், காலையில் மழை, பத்து மணிக்கு வெயில், பதினொன்றுக்கு ஏறினோம், அக்காவும்தான் ஏறினாள், அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைக்கூட இன்று காலையில் ஆதாரமாகக் காட்டினேன், தேதியோடு. அது கருங்கல், என்றாள் அக்கா. கல்லுல என்னக்கா சாதி, என்று கேட்டேன். கேட்டுவிட்டு நல்ல வரி என்று எனக்கு நானே நினைத்துக்கொண்டேன், அதுவும் ஞாபகம் இருக்கிறது, அந்த அற்ப சந்தோஷம் ஞாபகம் இருக்கிறது. கருங்கல் தண்ணீர் குடிக்காது. மேலே விழுந்ததை அப்படியே வழித்துக் கீழே விட்டுவிடும். இது குடித்திருக்கிறது. குடித்து உள்ளே வைத்துக்கொண்டு வெளியே ஒன்றும் தெரியாத மாதிரி நின்றிருக்கிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், ஏழாவதில், படிவுப் பாறை, தீப்பாறை என்று படம் வரைந்து பாகம் குறித்து ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறேன். வாங்கி என்ன. என் கையில் தெரிந்தது என் ஊர்ப் பாறை மட்டும்தான், கையை வைத்தேன், காய்ந்திருந்தது, கை சொன்னதை நம்பினேன்.

எதற்கு ஏறினேன். இதைக் கேட்பார்கள். ஷூவை மாட்டினேன், கை வழுக்காமல் இருக்கப் பொடிப் பையில் கையை விட்டேன், எதற்கு. அவள் திரும்பி வரும்போது உச்சியில் உட்கார்ந்திருக்கலாம் என்று இல்லை, அது சத்தியமாக இல்லை, இரண்டாம் பிடியைத் தாண்டி நான் என்றைக்குப் போனேன். மூன்றாம் பிடியில் ஒரு தரம் தொங்கிக் காட்டலாம், பாருங்கக்கா, ஒன்றும் ஆகவில்லை, இப்போது நீங்கள் ஏறுங்கள், இன்றைக்கே ஏறுங்கள், நாளைக்கு மறுபடி மழை வந்தால் என்ன செய்வீர்கள், இதுதான். இது மட்டும்தான். முதல் பிடி, இரண்டாம் பிடி. கோபத்தில் கை லேசாக இருந்தது. வலது குதியை அவள் சொல்கிற அந்தப் பள்ளத்தில் வைத்தேன், அவள் சொன்னபடி வைக்கவில்லை, ஏனோதானோவென்று வைத்தேன், மூன்றாம் பிடி வலது கையில் வந்துவிட்டது, மூன்று விரலுக்கு ஒரு விளிம்பு, அடியில் கட்டைவிரலுக்கு ஒரு குழி. அதோடு நின்றிருக்க வேண்டும். இடது கை தானாகப் போனது. நான் அனுப்பவில்லை. போய் உச்சி விளிம்பைப் பிடித்தது. தொட்டது இல்லை, பிடித்தது, நான்கு விரலும் அந்தப் பக்கம் மடங்கி, புல்வேரும் கறுப்பு மண்ணும் நகத்துக்குள் ஏறுகிற அளவுக்குப் பிடித்தது. அவளுக்கு மூன்று வருடமாக எட்டாதது. எனக்கு எட்டியது, ஒரு நொடி, ஒன்றரை நொடி, வானம் தெரிந்தது, ஒரு ஆடு தெரிந்தது. அடக் கடவுளே, உயரம்தான், நான் சொன்னது சரி, என்று அந்த நொடியில் நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் வலது கைக்குக் கீழே மொத்தென்றது.

இடது கையைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. நகம் ஐந்தில் நான்கு கறுப்பு.

எழுந்தேன். பொருத்திப் பார்த்தேன், மெத்தையை இரண்டாக மடித்து அதன்மேல் ஏறி நின்று. பொருந்தியது, அழகாக, விட்டால் அப்படியே நின்றுவிடும்போல. விட்டேன். மறுபடி கையில் வந்து விழுந்தது. பசை போட்டு ஒட்டலாம், யார்க்‌ஷையரில் ஒரு பாறையில் யாரோ ஒட்டியிருப்பதை அக்காவே காட்டியிருக்கிறாள், முகத்தை எட்டு கோணலாக வைத்துக்கொண்டு, செத்த ஆளுக்கு லிப்ஸ்டிக் போட்ட மாதிரி, என்று. பீக் டிஸ்ட்ரிக்டில் ஸ்டேனேஜ் விளிம்புக்குப் போகும்போதுதான் அவளை முதன்முதலாகப் பார்த்தேன், கிளப் பேருந்தில், என் பையில் இருந்த முறுக்கு வாசனை பிடித்து நாலு சீட் தள்ளி எழுந்து வந்து, தமிழோ, என்று கேட்டாள். வேல்ஸில் லான்பெரிஸ் கணவாயில் மூன்று நாள் மழையில் கூடாரத்துக்குள் உட்கார்ந்து மரண தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போட்டோம். க்ளாஸ்கோவுக்குப் பக்கத்தில் டம்பார்டனில் பாறையடி முழுக்க உடைந்த பாட்டில், அதைப் பொறுக்கிப் பையில் போட்ட பிறகுதான் ஏறுவாள், உங்க வீட்டு வாசலாக்கா, என்று கேட்டதற்கு, ஓம், என்றாள், அவ்வளவுதான், ஓம். இந்த நாடு முழுக்க எந்தப் பாறைக்குப் போனாலும் ஏறுவதற்கு முன்னால் ஒரு பிரஷ்ஷை எடுத்துப் பிடிகளைத் துடைப்பாள், ஏறி முடித்த பிறகும் துடைப்பாள், அடுத்து வாறவைக்கு, என்று. இந்தக் குழி. கட்டைவிரல் குழி. இதைப் பழைய பல் பிரஷ்ஷால் துடைத்ததை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்.

காலையில் இரண்டு பேர் வந்தார்கள். இதை நினைக்கக் கூடாது, நினைத்துவிட்டேன். பச்சை மெத்தையோடு ஒரு நரைத்த தாடிக்காரரும் அவர் மனைவியும், அக்கா தன்மையாக, இன்றைக்கு வேண்டாமே, உள்ளே ஈரம், என்று ஆங்கிலத்தில் சொன்னதும் மனைவி சிரித்து, சரிதான், நடந்துவிட்டுப் போகிறோம், என்று அந்தப் பக்கம் போனார்கள். ஒரு வாதம்கூடச் செய்யவில்லை, எனக்கு அப்போது எரிச்சலாக இருந்தது. அவர்களுடைய கால்தடம் சேற்றில் அப்படியே இருக்கிறது. நான் ஓடைப்பக்கம் போயிருந்தேன்க்கா, வந்து பார்த்தால் இப்படி. அல்லது இன்னும் சுருக்கமாக, ஒன்றும் சொல்லாமல், இதைப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக் காலையில் அவளோடு வந்து அவளோடு சேர்ந்து நானும் பார்த்து அதிர்ந்து. நான் நன்றாக அதிர்வேன். நம்புவாள். அக்கா என்ன சொன்னாலும் நம்புவாள், அவளுக்கு வாதாடத் தெரியாது. பத்து நிமிடத்துக்கு முன்னால் வரை நான் பொய் சொல்லாதவள் என்று என்னைப் பற்றி ஒரு எண்ணம் இருந்தது, அது எங்கே போனது, இவ்வளவு சுலபமாக ஒரு நரைத்த தாடிக்காரர் மேல் ஏற்றிவிட்டேனே, அவர் பேர்கூடத் தெரியாது. உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும் என்றும் தெரியும். விதிகள் யாருக்கு என்று எழுதினாளே அந்தப் பெண்ணா, என்பார்கள் கிளப்பில். சொல்லமாட்டார்கள், நினைப்பார்கள், அது இன்னும் மோசம். நிரோஜா கூட்டிக்கொண்டு வந்தவளா, என்பார்கள். அவள். பதினைந்து வருடமாக ஒரு இடத்திலும் ஒரு சத்தம் இல்லாமல் பாட்டில் பொறுக்கினவள். இந்தக் கோபம் நியாயமான கோபம், எல்லோரையும் ஒரு அளவுகோலால் அளக்க மாட்டார்கள், அது உண்மை. ஆனால் அந்த உண்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் என் கையில் இருக்கிற கல் சிறிதாகவில்லை. காயவும் இல்லை. நாளைக் காலை என்று அவள் வைத்திருந்தது ஒரே ஒரு காலை. அதை நான் எடுத்துக்கொண்டேன். அவளுக்காக.

சிவப்பு. வேலித் திருப்பத்தில் சிவப்பு. ஏணிப்படியில் ஏறுகிறாள், கையில் போத்தல், இறங்கும்போது ஒரு கையை உயர்த்தி அசைக்கிறாள். நானும் அசைக்க வேண்டும். எந்தக் கையை. வலதில் கல், இடதில் மண். இடுப்பில் கட்டிய பொடிப் பைக்குள் இடது கையை விட்டுக்கொண்டேன், விட்டபடி நின்றேன். சொற்போட்டிக்குப் போகிற மாதிரி நான்கு தொடக்கம் தயார் செய்தேன். ஒன்று, அக்கா, கோபப்படாமல் கேளுங்கள். இரண்டு, அது ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். மூன்றும் நான்கும் அவள் மேட்டில் ஏறி வருவதற்குள் மறந்துவிட்டன.

“என்ன, காவல்காரி மாதிரி நிக்கிறீர்? ஆடு ஏதும் ஏறிப்போட்டுதோ?” மூச்சு வாங்கிக்கொண்டே மெத்தையில் உட்கார்ந்தாள், மூடியைத் திருகினாள். “அவரோடை கதைச்சனான். காத்து இரவு முழுக்க இருக்குமாம், மழை இல்லையாம். நாளைக்கு ஏழு மணிக்கு இஞ்சை நிப்பம். வக்கீலம்மா அஞ்சு மணிக்கு எழும்புவாவோ, இல்லாட்டி அதுக்கும் ஒரு வழக்குப் போடுவாவோ?”

வலது கை தானாக நீண்டது. இன்றைக்கு என் கைகள் இரண்டும் என்னைக் கேட்டு எதையும் செய்யவில்லை. அவள் ஒரு கையில் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு மறு கையால் அதை வாங்கினாள், நான் ஏதோ கூழாங்கல் பொறுக்கி வைத்திருப்பதாக நினைத்திருக்க வேண்டும், சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. பாறையைப் பார்க்கவே இல்லை. கல்லை உள்ளங்கையில் ஒரு தரம் திருப்பினாள், மூன்று விரல் மேலே போய் உட்கார்ந்தது, கட்டைவிரல் அடியில் குழியைத் தேடிப்போய் உட்கார்ந்தது. சிரிப்பு அப்போதுதான் நின்றது.

“ஏறினீரோ.”

“ஆமாக்கா.”

“நான் போனாப் பிறகு.”

“ஆமா.”

அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தாள். கறுத்த பாறையில் மஞ்சளாக ஒரு இடம், தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி. “உள்ளுக்கை எப்பிடி இருந்தது?” என்று கேட்டாள். ஈரமா இருந்துச்சு, என்றேன். ம், என்றாள். நீங்க இன்னைக்கே ஏறணும்னுதான், என்று ஆரம்பித்தேன், என் குரலே எனக்குச் சகிக்கவில்லை, அவள் கோப்பை பிடித்திருந்த கையைக் கொஞ்சம் தூக்கி, “கொஞ்ச நேரம் கதைக்காமல் இரும், இலக்கியா,” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தேநீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். காற்று அடித்தது, காலையில் நான் சாட்சிக்குக் கூப்பிட்ட அதே காற்று. கல்லைப் பிடித்த பிடியை அவள் விடவில்லை. எடை இல்லாமல், வலி இல்லாமல், உட்கார்ந்த இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது அவளுக்கு இதுதான் முதல் தரமாக இருக்கும்.

“கிளப்புக்கு எழுதோணும்,” என்றாள். “நீர்தான் எழுதோணும். உம்முடைய பேரைப் போட்டு.”

“எழுதறேன்.”

“உடைஞ்சது எண்டு மட்டும் எழுதும். காரணம் எழுதத் தொடங்கினா நீர் நாலு பக்கம் எழுதுவீர்.”

எனக்கு அழுகை அங்கேதான் வந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காத மாதிரி பாறையின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, வேறு ஏதோ யோசனையில் கேட்கிற மாதிரி கேட்டாள். “பிடிச்ச உடனை போச்சுதோ, எழும்பினாப் பிறகோ?”

“எழும்பின பிறகுதான்.”

“இடது கை மேலை போச்சுதோ? எட்டினதோ?”

எட்டியது. நான்கு விரலும் மடங்கியது. குதியை ஏனோதானோவென்று வைத்துக்கொண்டு, மூன்று வருடம் இல்லை, மூன்று நிமிடத்தில், உயரம்தான் அக்கா, நான் ஒன்றரை வருடமாகச் சொல்கிறேன் இல்லையா, ஆதாரம் வேண்டுமா, இந்தாருங்கள், நகத்தில் இருக்கிறது. நான் தோற்கவே தோற்காத வாதம் ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறதென்றால் இதுதான். பைக்குள் விரல்களை மடக்கினேன்.

“இல்லக்கா. எட்டல.”

“உமக்குமே எட்டேல்லை?”

“எனக்குமே எட்டல.”

உச்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தோள் லேசாக இறங்கியது. “சொன்னனான் தானே,” என்றாள், “உயரத்திலை ஒண்டும் இல்லையெண்டு.”

“நீங்க சொன்னதுதான் சரி.”

இந்த வாக்கியத்தை என் வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை. அவள் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கோப்பையில் எனக்குத் தேநீர் ஊற்றி நீட்டினாள், கல் மறு கையிலேயே இருந்தது. நான் வலது கையால் வாங்கிக்கொண்டேன். இடது கையைப் பையிலிருந்து எடுக்கவில்லை, வெள்ளைப் பொடிக்குள் நகம் நகமாக, வெளியே தெரியாமல், தேய்த்துக்கொண்டே இருந்தேன்.